நூற்றுக்கு நூறு பேருக்குத் தெரிவிக்கப்பட்டது

சட்டம் நல்ல சட்டம். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். படைவீரர் குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டில் எதை மாற்றுவதானாலும் தொண்ணூறு நாள் முன்னதாக அந்தக் குடும்பத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று வாஷிங்டனில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒன்றாகக் கை தூக்கி நிறைவேற்றிய சட்டம். கையெழுத்துப் போட்ட அன்று பின்னால் நாலு சிப்பாய்களை நிற்கவைத்துப் படம்கூட எடுத்தார்கள். தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள். தெரிய வேண்டும் என்று எழுதவில்லை. அது அவ்வளவு அவசியம் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

கன்சாஸில் டன்வில் படைத்தளத்து மருந்துக்கடையில், அக்டோபர் ஐந்தாம் தேதி காலையில், மார்லா ப்ரூயிட்டுக்கு இந்தச் சட்டம் முதன்முதலாக அறிமுகமானது.

"உங்க டாக்டர் பட்டியல்ல இல்லையே மேடம். ஒண்ணாந்தேதியோட எடுத்துட்டாங்க. அவர் எழுதின சீட்டுக்கு இனிமே மருந்து தர முடியாது" என்றான் கடைக்காரன்.

"யார் எடுத்தா?"

"காப்பீட்டுக் கம்பெனி. தொண்ணூறு நாள் முன்னாடியே சொல்லியிருப்பாங்களே. சட்டமே இருக்கு."

"எனக்கு யாரும் சொல்லல."

"சொல்லியிருப்பாங்க மேடம்" என்றான், மறதிக்காரக் கிழவியிடம் பேசுவதுபோல. மார்லாவுக்கு வயது முப்பத்து நாலு. மகள் ஜூனி எத்தனை மில்லி மருந்து குடிக்கிறாள், எந்த மருந்துக்கு உடம்பில் தடிப்பு வந்தது, எந்தத் தேதியில் எத்தனை நிமிடம் வலிப்பு வந்தது எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

ஏழு வயது ஜூனிக்கு வலிப்பு நோய். மூன்று மருந்து மாற்றி, நாலாவது மருந்தில்தான் நின்றது. பதினோரு மாதமாக ஒன்றுகூட வரவில்லை. அந்த மருந்துக்கு, பட்டியலில் உள்ள பிள்ளைகள் நரம்பு மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டு எழுதித் தர வேண்டும். தளத்து டாக்டர் எழுதினால் செல்லாது. சொந்தக் காசில் வாங்கலாம் என்றால், ஸ்டாஃப் சார்ஜென்ட் சம்பளத்தில் மருந்து வாங்கலாம் அல்லது வீட்டில் இருக்கலாம், இரண்டும் முடியாது. புதிய பட்டியலில் இருக்கும் ஒரே பிள்ளைகள் நரம்பு மருத்துவர் விச்சிட்டா நகரத்தில் இருந்தார். மார்லா கார் நிறுத்தத்திலிருந்தே அங்கே போன் செய்தாள். கிடைக்கிற முதல் தேதியே டிசம்பர் பதினேழுதான் என்றார்கள்; அதற்கே பெயர் கொடுத்துவைத்தாள்.

வீட்டில் பாட்டிலில் இருந்த மருந்து பத்தொன்பது நாளைக்கு வரும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும் என்று பாட்டில் மேலேயே சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது. ஜூலையிலேயே சொல்லியிருந்தால் ஜூலையிலேயே விச்சிட்டாவுக்குப் பெயர் கொடுத்திருப்பாள். தொண்ணூறு நாள் என்று வைத்ததே அதற்குத்தானே.

காப்பீட்டு உதவி அலுவலகம் அதே தளத்தில், பழைய தியேட்டருக்கு அடுத்த கட்டடம். அங்கே இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள் ட்வைலா க்ரம். எல்லாரையும் 'தங்கம்' என்றுதான் கூப்பிடுவாள். முடியாது என்று சொல்வதற்கு முன்னால் கட்டாயம் கூப்பிடுவாள்.

"தங்கம், இங்க பாரு. ஜூலை ரெண்டாந்தேதி, காலைல ஒன்பது மணி, கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கோம். வந்தவங்க கையெழுத்து இருக்கு. இருநூத்திப் பன்னிரண்டு பேர். ஒருத்தர்கூட பாக்கி இல்ல. உன் வீட்டுக்காரர் முப்பத்தேழாவது."

மார்லா தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஸ்டாஃப் சார்ஜென்ட் டேரன் ப்ரூயிட் என்ற பெயருக்கு எதிரே அழகான கையெழுத்து இருந்தது. அழகாக இருந்ததுதான் கோளாறு. டேரனின் கையெழுத்து மழைக்குச் செத்த மண்புழு மாதிரி இருக்கும்.

தவிர, ஜூலை இரண்டாம் தேதி டேரன் எங்கே இருந்தான் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மணி நேரத் தொலைவில், ஆஸ்பத்திரியில், மூளைப் பரிசோதனைக்காகத் தலை முழுக்கப் பசை தடவி வயர் ஒட்டிய ஜூனியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தூங்கிவிடாமல் இருக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஏன் சொல்லல? மருந்து வாங்குறது நான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது நான்."

"காகிதப்படி நீ வீரரைச் சார்ந்திருப்பவள் தங்கம். சட்டப்படி வீரருக்குத்தான் சொல்லணும். அவர் வீட்ல வந்து உனக்குச் சொல்லணும்."

"சரி, அவர் அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லன்னா?"

ட்வைலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வரலன்னு அவர் எழுதிக் குடுத்தா, இன்னையிலேருந்து புதுசா தொண்ணூறு நாள். பழைய டாக்டர், பழைய மருந்து, எல்லாம் அப்படியே தொடரும். நானே முத்திரை குத்தித் தரேன். ஆனா அப்ப இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு கேள்வி வரும்ல? நான் இதை ராணுவ வக்கீல் ஆபீசுக்கு அனுப்பியே ஆகணும். பொய்க் கையெழுத்துன்னா அங்க என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். படையில் வேலை பார்ப்பவன் மனைவிக்கு அது பாலபாடம். பதவி போகும், ஓய்வூதியம் போகும், சில நேரம் ஆளே சிறைக்குப் போவான்.

அன்று மாலை டேரன் பூட்ஸைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டுவிட்டாள். முதலில் சிரித்தான். பிறகு முகம் வெளுத்தது.

"பால்டிதான் போட்டிருப்பான். நான்தான் சொல்லிட்டுப் போனேன், எதாச்சும் தாள் வந்தா பாத்துக்கோன்னு."

பால்டி என்பது சார்ஜென்ட் ஹெக்டர் பால்டெராமா. டேரனுடன் இரண்டு போர்முனையில் இருந்தவன். ஜூனிக்கு அவன் மாமா மாதிரி. பத்தொன்பதரை வருடம் சேவை முடித்துவிட்டான். இருபது முடிந்தால்தான் ஓய்வூதியம். இன்னும் ஆறு மாதம்.

"நீ எழுதிக் குடு டேரன்."

"அவனைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா? நம்ம பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான்டி அவன் போட்டான்!"

"எதுக்குப் போட்டா என்ன? பத்தொன்பது நாள்தான் மருந்து இருக்கு. இருபதாவது நாள் அவ தரையில கிடந்து துடிக்கிறப்ப பால்டியோட ஓய்வூதியத்தை வாயில ஊத்தவா?"

"வேற வழி இருக்கும்."

"சொல்லு. கேக்கறேன். என்ன வழி?"

டேரன் குப்பைத் தொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அன்று குப்பை வண்டி வரும் நாளில்லை. மார்லாவுக்கு அவன்மேல் வந்த கோபம், அவன் சொன்னது நியாயம் என்று தெரிந்ததால் இரண்டு மடங்காக இருந்தது. மூன்று நாள் கழித்து அவன் பத்து நாள் வெளிப்பயிற்சிக்குக் கிளம்பினான். போகும்போது ஜூனியை ரொம்ப நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டான். மார்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று பிற்பகலே பால்டெராமா வந்தான். முழங்காலில் அடிபட்டு அவனை வெளிப்பயிற்சிக்கு அனுப்பாமல் வண்டிப் பட்டறையில் விட்டிருந்தார்கள். கையில் அவன் மனைவி ஒஃபீலியா கொடுத்தனுப்பிய பாத்திரம், சூடான தமாலே, அவர்கள் ஊர்ச் சோளமாவுக் கொழுக்கட்டை. சமையலறையில் உட்கார்ந்து தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"டேரன் சொல்லிட்டான் மார்லா. நீ போய் எழுதிக் குடு. நான் போட்டேன்னு நானே சொல்றேன். பிள்ளை விஷயத்துல விளையாடக் கூடாது."

"வாயை மூடு பால்டி. ஒஃபீலியாகிட்ட சொன்னியா?"

"சொன்னா இந்தத் தமாலே வந்திருக்குமா?"

மார்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அழுதே விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்படி என்னதான்டா சொன்னாங்க அந்தக் கூட்டத்துல? டேரனுக்குப் பதிலா கையெழுத்துப் போட்டவன் காதுலயாவது விழுந்திருக்கும்ல? எந்த டாக்டர் போறாங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பால்டெராமா அவளை விநோதமாகப் பார்த்தான். "எந்தக் கூட்டம்?"

"ஜூலை ரெண்டு. ஒன்பது மணி."

"நான் எங்க கூட்டத்துக்குப் போனேன்? பட்டறைல வண்டிக்கு அடியில படுத்திருந்தேன். பரீட்சை அட்டைல தாளைச் சொருகி ஒருத்தன் கொண்டுவந்தான். எல்லாரும் போட்டோம். யாரு இல்லையோ அவனுக்குப் பக்கத்துல இருக்கிறவன் போட்டான். எப்பவும் அப்படித்தானே."

"அப்ப கூட்டத்துக்கு யார்தான் போனா?"

"யாரோ போயிருப்பாங்க" என்றான் பால்டெராமா. சொன்னபிறகு அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "தியேட்டர்ல வச்சதா தாள் மேல போட்டிருந்தது."

மார்லா எழுந்து நின்றுவிட்டாள்.

தளத்துத் தியேட்டர் அந்தக் கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்தது. கூரைக்குள் வௌவால் குடிவந்துவிட்டது. குட்டி போட்டிருந்த நேரம். குட்டிகள் வளர்ந்து தானாகப் பறக்கிற வரைக்கும் யாரும் உள்ளே போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. ஜூனியின் நடனப் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஜூலை ஐந்தாம் தேதி தியேட்டர் கேட்டு மார்லாதான் மனுப் போட்டிருந்தாள். 'மே இருபதிலிருந்து ஆகஸ்ட் பதினைந்து வரை எந்த மனிதரும் நுழைய அனுமதியில்லை' என்று தளபதி அலுவலக முத்திரையோடு பதில் வந்தது. பிள்ளைகள் உடற்பயிற்சிக் கூடத்தில், வியர்வை நாற்றத்தில் ஆடினார்கள்.

வௌவால் குட்டிக்கு இறக்கை முளைக்கும்வரை அரசாங்கம் பொறுத்திருந்தது. அதில் மார்லாவுக்குப் பொறாமை இல்லை. வௌவாலும் தாய்தானே. ஆனால் தன் பிள்ளைக்கு மட்டும் ஏன் பத்தொன்பது நாள் என்றுதான் கேட்கத் தோன்றியது.

மறுநாள் காலை அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ட்வைலா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"கையெழுத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்ல வரல மேடம். இருநூத்திப் பன்னிரண்டும் தங்கமான கையெழுத்து. ஒரே ஒரு கேள்வி. கூட்டம் எங்க நடந்துச்சு?"

"தாள்லயே இருக்கே தங்கம். தியேட்டர்ல."

மார்லா கடிதத்தை மேசைமேல் வைத்தாள். ட்வைலா படித்தாள். ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தியேட்டரைப் பார்த்தாள். அந்தக் கோடையில் வௌவால் புழுக்கை நாற்றம் தாங்கவில்லை என்று மூன்று புகார் எழுதியவளே அவள்தான்.

"இருநூத்திப் பன்னிரண்டு பேரும் வௌவாலோட தொங்கிட்டே கேட்டாங்களா மேடம்?"

"கொஞ்சம் இரு" என்றாள் ட்வைலா. தங்கம் என்ற சொல் காணாமல் போயிருந்தது. உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசினாள். நாற்பது நிமிடம் பேசினாள். நடுவில் இரண்டு தடவை, "இல்ல சார், வௌவால் சார்" என்று சத்தமாகச் சொன்னது வெளியே கேட்டது.

திரும்பி வந்தபோது கையில் ஒரே ஒரு தாள் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுக்கத் தயாராக இருந்தான், சாமிக்குத் தெரியக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

"படிச்சுப் பாரு. உன் பொண்ணுக்கு இன்னையிலேருந்து தொண்ணூறு நாள். ஜனவரி ஏழு வரைக்கும். கருணை அடிப்படைல, விசேஷ விதிவிலக்கு. இன்னிக்கு மத்தியானமே மருந்து வாங்கிக்கலாம்."

மார்லா படித்தாள். முதல் வரி இப்படி இருந்தது: 'ஜூலை இரண்டாம் தேதி நடைபெற்ற கூட்டத்தில் நான் நேரில் கலந்துகொண்டேன், மாற்றங்கள் அனைத்தும் எனக்கு முழுமையாகத் தெரிவிக்கப்பட்டன என்பதை உறுதி செய்கிறேன்.' அதற்குக் கீழேதான் கருணை ஆரம்பித்தது.

"இது பொய்."

"ஆமா" என்றாள் ட்வைலா. இருபது வருடத்தில் அவள் சொன்ன மிகச் சின்ன பதில் அதுவாகத்தான் இருக்கும். "உண்மைன்னா விசாரணை. விசாரணை முடிய எட்டு மாசம் ஆகும். மொத்தப் பட்டாலியனும் மாட்டும். அதுல யார் யாரோட பேரை யார் எழுதினாங்கன்னு ஒவ்வொண்ணா பிரிப்பாங்க. உன் பொண்ணுகிட்ட எத்தனை நாள் மருந்து இருக்கு?"

"பதினஞ்சு."

"அப்ப யோசிச்சுக்கோ."

மற்ற வீடுகளை மார்லா நினைத்துப் பார்த்தாள். ஒஃபீலியாவின் மூட்டுவாத டாக்டரும் ஜூனியின் டாக்டர் இருக்கும் அதே ஆஸ்பத்திரிதான். பக்கத்து வீட்டு நிறைமாதக் கர்ப்பிணி. இரண்டாம் தெருவில் இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தை. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், அவர்களுக்கும் எல்லாம் தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அவளே சாட்சி. நினைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆனது. பேனாவைக் கையில் எடுக்க அதைவிடக் குறைவாகத்தான் ஆனது. இதை எழுதும்போது அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியொரு மருந்துப் பாட்டில் என் வீட்டில் இருந்ததில்லை.

"கையெழுத்து வீரரோடதா இருக்கணும்" என்றாள் ட்வைலா.

"அவர் வெளிப்பயிற்சில இருக்காரு. வர இன்னும் ஒன்பது நாள்."

ட்வைலா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னலை முழு கவனத்தோடு பார்க்க ஆரம்பித்தாள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. மார்லா செத்த மண்புழுவை அச்சு அசலாக வரைந்தாள். பதினோரு வருடக் குடித்தனத்தில் பள்ளிக்கூடப் படிவம், வாடகைப் படிவம் என்று போட்டுப் பழகிய கை.

மதியம் ஒரு மணிக்குப் புது பாட்டில் அவள் பையில் இருந்தது. காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அசிங்கமாக இருந்தது. ஒஃபீலியாவுக்கு போன் செய்தாள்.

"ஒஃபீலியா, உன் டாக்டர் பட்டியல்ல இருக்காரான்னு பாத்தியா?"

"ஏன்? இருப்பாரே. இல்லன்னா சொல்லியிருப்பாங்களே."

"சொல்லியாச்சாம். நீ நாளைக்குக் காலைல ட்வைலாகிட்ட போ. கையெழுத்து, தேதி, புருஷன், எதைப் பத்தியும் பேசாத. கூட்டம் எங்க நடந்துச்சுன்னு மட்டும் கேளு. கேட்டுட்டு சும்மா உக்காந்திரு."

"கேட்டா?"

"ஒரு தாள் வரும். போட்டுட்டு, வெளிய வந்து அடுத்தவளுக்குச் சொல்லு."

படையில் சிப்பாய்களுக்கு ஒரு செய்தி போய்ச் சேரக் கட்டளை, மறுகட்டளை, கூட்டம், கையெழுத்து என்று தொண்ணூறு நாள் ஆகும். சிப்பாய் மனைவிகளுக்குச் செய்தி போக ஒரு பிற்பகல் போதும். மறுநாள் காலை எட்டு மணிக்கு அலுவலக வாசலில் நாற்பது பெண்கள் நின்றார்கள். குழந்தை வண்டி, ஆக்ஸிஜன் உருளை, காபிக் குவளை எல்லாவற்றோடும் வரிசை தியேட்டரைச் சுற்றிப் போனது. ஒவ்வொருத்தியும் உள்ளே போய், மிகுந்த மரியாதையோடு, ஒரே கேள்வியைக் கேட்டாள்.

பத்தாவது ஆளோடு ட்வைலா கேள்வி வரும் முன்னாலேயே தாளை நீட்ட ஆரம்பித்தாள். பதினோரு மணிக்குத் தாள் தீர்ந்து, நகல் எடுக்க ஆள் அனுப்பினாள். நாற்காலியைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்திருக்கும். கடைசியில் ஜன்னல் பக்கமே நிரந்தரமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தோளுக்கு மேலாகத் தாளை நீட்டினாள் என்று ஒஃபீலியா சொன்னாள்.

வாரக் கடைசிக்குள் நூற்று எண்பத்தேழு குடும்பத்துக்கு விசேஷக் கருணை கிடைத்தது. நூற்று எண்பத்தேழு வீரர்கள் கூட்டத்தில் நேரில் கலந்துகொண்டதாக இரண்டாம் தடவையும் உறுதி செய்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப்பேர் அந்த நேரம் இருபது மைல் தள்ளிச் சேற்றில் படுத்திருந்தார்கள்.

வெளிப்பயிற்சி முடிந்து திரும்பிய டேரனிடம் மார்லா பாட்டிலைக் காட்டினாள்.

"எப்படி?"

"உன் கையெழுத்தைப் போட்டேன்."

"எதுல?"

"நீ கூட்டத்துக்குப் போனேன்னு."

அவன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் போகலையே" என்றான் கடைசியில். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "தெரியும் டேரன். ஆனா பால்டிக்கு ஒண்ணும் ஆகாது, போய் அவன்கிட்ட சொல்லு" என்றாள்.

நூற்று எண்பத்தேழு தாளும் அடுக்கி, எண்ணி, மேலே போயின. மேலே இருந்தவர்கள் இன்னும் மேலே அனுப்பினார்கள். ஒரே கூட்டத்துக்கு ஒரு வீரன் இரண்டு முறை உறுதி கொடுத்திருக்கும் பட்டாலியன் நாட்டிலேயே இது ஒன்றுதான் என்று வாஷிங்டனில் யாரோ கண்டுபிடித்தார்கள். முன்னறிவிப்பு நூற்றுக்கு நூறு. புகார் பூஜ்யம். சட்டம் எவ்வளவு அருமையாக வேலை செய்கிறது என்பதற்கு டன்வில் ஒரு முன்மாதிரி என்று அறிக்கை வந்தது. பட்டாலியன் கர்னலுக்குப் பாராட்டுப் பத்திரம் என்று முடிவானது.

நவம்பர் பதினாறாம் தேதி அணிவகுப்பு மைதானத்தில் விழா. குடும்பங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அறிவிப்பு மட்டும் எல்லா வீட்டுக்கும் மூன்று தடவை வந்து சேர்ந்தது. குளிர்காற்றில் மடக்கு நாற்காலிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜூனி மார்லாவின் கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பல் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தலைநகரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "எங்கள் வீரர்களின் குடும்பத்துக்குத் தெரியாமல் இங்கே எதுவும் நடக்காது" என்றார். கர்னல் நெஞ்சை நிமிர்த்திப் பத்திரத்தை வாங்கினார்.

முதலில் யாரும் கை தட்டவில்லை. ஒஃபீலியா மார்லாவைப் பார்த்தாள். பின்வரிசையில் இருந்தவர்களும் மார்லாவைப் பார்த்தார்கள். எழுந்து நின்று, எங்கே நடந்தது அந்தக் கூட்டம் என்று ஒரே ஒரு தடவை சத்தமாகக் கேட்டால் போதும். ஒலிபெருக்கிகூட வேண்டாம். மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

மார்லா கை தட்டினாள். உள்ளங்கை எரியத் தட்டினாள். அவளைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள். விச்சிட்டா டாக்டரைப் பார்க்கப் போகும் டிசம்பர் பதினேழுக்கு இன்னும் முப்பத்தொரு நாள் இருந்தது.